முப்பத்துநாலு வயரில் எது?

பழுது பார்க்கிற தொழிலில் ஆளைப் பைத்தியமாக்குவது, நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மட்டும் ஒளித்துக்கொள்கிற பழுதுதான். ரேடியோவோ தையல் மெசினோ தண்ணீர் இறைக்கிற மெசினோ, எதைத் திருத்துகிறவராக இருந்தாலும் நீங்கள் இந்த இடத்தில் ஒருமுறை தலையாட்டியிருப்பீர்கள். நான் திருத்தியது கொம்பியூட்டர். அதுவும் யாழ்ப்பாணத்தில், குடாநாட்டில் இருந்த கொம்பியூட்டர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலத்தில்.

உண்மையில் நான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். குலசிங்கம் அண்ணை பெரியகடைப் பக்கம் ரேடியோவும் ரீவியும் திருத்துகிறவர். அவருடைய கடைக்கு முதல் கொம்பியூட்டர் வந்தபோது அதோடு ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகமும் வந்தது. அதை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார். ஒரு கிழமைக்கு என்று போனேன். ஆறு வருஷம் நின்றுவிட்டேன். அந்த ஆறு வருஷமும் எங்கள் இரண்டு பேரையும் அதிகம் குழப்பியது ஹார்ட் டிஸ்க் பிழைகள். டிஸ்கைப் பெட்டியோடு இணைக்கிற தட்டையான வயர், பார்க்க நாடா மாதிரி இருக்கும், அதைத் திரும்பிப் பார்க்கவேண்டும் என்று எங்களுக்கு நெடுங்காலமாகத் தோன்றவேயில்லை.

மூன்று எழுத்து

அந்த முதல் கொம்பியூட்டர் நீர்வேலிப் பஞ்சலிங்கம் அண்ணையுடையது. அவருக்கு வாழைத்தோட்டமும் இருந்தது, தகப்பன் வழி வந்த சாத்திரம் பார்க்கிற தொழிலும் இருந்தது. கனடாவில் இருக்கிற தம்பி ஒரு கொம்பியூட்டரை அனுப்பிவைக்க, வாசலில் ‘கொம்பியூட்டர் சாதகம்’ என்று பலகை போட்டுவிட்டார். பலகை போட்டு இரண்டாம் மாதம் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றுவிட்டது. சி என்கிற டிஸ்கை வாசிக்க முடியவில்லையாம். அபோட், றிட்றை, ஃபெயில் என்று மூன்று வழி காட்டி, ஒன்றின் முதல் எழுத்தை அமத்தச் சொல்லிக் கேட்டது.

பஞ்சலிங்கம் அண்ணை பெட்டியை சைக்கிள் கரியரில் பழைய சாரத்தால் சுற்றிக் கட்டிக் கொண்டுவந்தார். நான் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “கைவிடட்டோ, திரும்ப ஒருக்காச் செய்து பாக்கட்டோ, இல்லாட்டித் தோத்துப்போகட்டோ எண்டு கேக்குது அண்ணை” என்று விளக்கம் சொன்னேன். திரும்பச் செய்யச் சொல்லி நாற்பது தரம் அமத்தினோம். நாற்பது தரமும் அதே வரி. ஒவ்வொரு தரமும் கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதர் கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏன் தங்கச்சி, நான் வெல்லுறதுக்கு உதிலை ஒரு எழுத்தும் இல்லையோ?”

மூடினால் வராது

குலசிங்கம் அண்ணைக்கு உலகத்தில் உள்ள எல்லாப் பழுதுக்கும் கறன்ற்தான் காரணம். கூடிவிட்டது, இல்லாவிட்டால் குறைந்துவிட்டது. பெட்டியின் மூடியைக் கழற்றி, கறன்ற் வருகிற பக்கத்தை அளந்து பார்த்தார். எல்லாம் சரி. கொம்பியூட்டரைப் போட்டோம். வேலை செய்தது! நாங்கள் ஒன்றையும் திருத்தவில்லை. ஆனாலும் திருத்திவிட்டோம் என்ற முகத்தோடு மூடியைப் பூட்டி, நாலு திருகாணியையும் இறுக்கிக் கொடுத்தோம். நீர்வேலிக்குப் போய்ச் சேர்ந்ததும் அதே வரி.

மறுபடி கொண்டுவந்தார். திறந்தோம், வேலை செய்தது. மூடிக் கொடுத்தோம், அங்கே போய் நின்றது. இப்படி நாலு தரம். நான் வெக்கை என்றேன். குலசிங்கம் அண்ணை நீர்வேலிக் கறன்ற் என்றார். ஒரு தரம் வழியில் உள்ள பள்ளங்களை எண்ணிக்கொண்டு வரும்படி பஞ்சலிங்கம் அண்ணையிடமே சொன்னோம். அந்தப் பாவி மனிதர் எண்ணிக்கொண்டும் வந்தார். மூடியின் விளிம்பு உள்ளே கிடந்த நாடா வயரை நசிக்கிறது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? மூடினால் உள்ளே தெரியாது, திறந்தால் நசியாது. ஐந்தாம் தரம் மூடியைக் கையில் எடுத்த என்னை அவர் மறித்தார்: “மூடாமலே தாங்கோ தங்கச்சி. எங்கடை வீட்டிலை ஆர் உதுக்குள்ளை எட்டிப் பாக்கப் போகினம்?”

எட்டில் செவ்வாய்

மூடியில்லாமல் மூன்று மாதம் ஓடியது. பிறகு ஒரு நாள் காலையில் பஞ்சலிங்கம் அண்ணை பெட்டியோடு ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு கடைக்குள் வந்தார். கொடிகாமத்தில் தேங்காய் வியாபாரம் செய்கிறவர், பெயர் நல்லதம்பி. கோபத்தோடு சாதகத் தாளை மேசையில் போட்டார். மகளுக்குக் கலியாணம் பேசி, நாள் வைக்கிற அளவுக்கு வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் எதற்கும் கொம்பியூட்டரிலும் ஒருக்காப் பார்ப்போம் என்றிருக்கிறார்கள். பார்த்தால் எட்டாம் இடத்தில் செவ்வாய். பிறந்தபோது எழுதின ஓலையில் இல்லாத செவ்வாய். மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பிள்ளை அறைக்குள் போய்ச் சாத்திக்கொண்டவள் இரண்டு நாளாக வெளியே வரவில்லை என்று பஞ்சலிங்கம் அண்ணைதான் மெதுவாகச் சொன்னார்.

என் பிறந்த நாளைப் போட்டுப் பார்த்தோம். எட்டில் செவ்வாய். குலசிங்கம் அண்ணைக்கும் எட்டில் செவ்வாய். “அந்தக் கிழமை பாத்த மூண்டு பொம்பிளைப் பிள்ளையளுக்கும் உதுதான் வந்தது. நான் கிரகம்தான் அப்பிடி நிக்குதாக்கும் எண்டிருந்திட்டன்” என்றார் பஞ்சலிங்கம் அண்ணை தலையைக் குனிந்துகொண்டு. துருவித் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. இடையிடையே அந்தப் பழைய வரி வர, அலுத்துப்போய் ‘தோத்துப்போ’ என்கிற எழுத்தையே அமத்திக்கொண்டிருந்திருக்கிறார். சாதகம் கணிக்கிற புரோகிராம், வாசிக்க முடியாத இடத்துக்கு முன்பு வாசித்ததையே வைத்துக்கொண்டு, கிரகங்களை அடுக்கிக்கொண்டே போயிருக்கிறது.

நான் கையில் இருந்த பென்சிலால் உள்ளே ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தேன். நாடா வயரின் ஓரத்தைத் தொட்டதும் திரையில் வரி வந்தது. விட்டதும் போனது. தொட்டேன், வந்தது. மூடி நசித்த இடத்தில் ஒரு வயர் உரிந்து, அறுந்தும் அறாமலும் கிடந்தது. எனக்குச் சந்தோஷத்தை விட வெட்கம்தான் அதிகம் வந்தது. குலசிங்கம் அண்ணை அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு நுனியைத் திரும்பப் பொருத்தினார். பிள்ளையின் சாதகத்தைப் புதிதாகக் கணித்தோம். எட்டாம் இடம் வெறுமையாக இருந்தது. நல்லதம்பி ஐயா தாளை இரண்டு தரம் வாசித்தார். பிறகு என் முன்னால் கிடந்த கதிரையில் மெதுவாக அமர்ந்தார். “அப்ப தோஷம் என்ரை பிள்ளையிலை இல்லை, உந்த வயரிலைதான் எண்டு மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒருக்கா எழுதித் தாறீங்களோ?”

இரட்டைகள்

எழுதிக் கொடுத்தோம், கடையின் முத்திரையும் குத்தி. கலியாணம் நடந்தது, எங்களுக்கும் பலகாரம் வந்தது. அதோடு எங்களுக்கு வயர்ப் பைத்தியம் பிடித்தது. கடைக்கு எந்தக் கொம்பியூட்டர் வந்தாலும் வயரைக் கழற்றி, நுனியைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்து மினுக்கிப் பூட்டுவோம். உப்புக் காற்று ஊர், நுனி சீக்கிரம் கறுத்துவிடும். இப்படித் தேய்த்துக் கொடுத்தே பல பெட்டிகளைக் குணமாக்கினோம். கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

அப்போதுதான் தனியார் வகுப்பு நடத்துகிற ஒரு ரியூட்டரியின் கொம்பியூட்டர் வந்தது. இடைக்கிடை பிழை காட்டுகிறது, அவ்வளவுதான். தேய்த்துப் பூட்டினோம். டிஸ்கே இல்லை என்று சொல்லிவிட்டது. பக்கத்தில் திருத்தி முடித்து, எடுத்துப்போக ஆள் வரும்வரை வைத்திருந்த இன்னொரு பெட்டியில் இருந்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாற்றிப் பார்த்தோம். பின்னேரம் பார்த்தால் அந்தப் பெட்டியும் டிஸ்க் இல்லை என்றது. பெட்டிக்குள்ளே ஒரே அகலத்தில் இரண்டு நாடா வயர் இருக்கும். ஒன்று பிளொப்பிக்குப் போவது, மற்றது ஹார்ட் டிஸ்குக்குப் போவது. இரண்டிலும் முப்பத்துநாலு வயர், இரண்டிலும் நடுவே சில வயர்கள் முறுக்கி விடப்பட்டிருக்கும். முறுக்கு இருக்கிற இடம்தான் வேறு. நாங்கள் தேய்த்து மாற்றின கையோடு, இரண்டு பெட்டியிலும் அதை இதிலும் இதை அதிலும் பூட்டியிருந்தோம். இது எங்களுக்கு விளங்கியது மறுநாள். அன்றைக்கு எனக்கு விளங்கியதெல்லாம் குலசிங்கம் அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு சொன்னதுதான்: “பிள்ளை, காலமை வரேக்கை ஒண்டுதான் பழுது. நாங்கள் ரெண்டு பேரும் சேந்து திருத்தினபடியால் இப்ப ரெண்டு.”

சாம்பல் நிற ரிப்பன்

பிறகு சண்டையில் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. கடைக்குப் பின்னால் மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு ஜெனரேற்றரை வைத்துக்கொண்டு, நாளுக்கு இரண்டு மணித்தியாலம் வேலை செய்தோம். பற்றரி, வயர் எல்லாம் வடக்கே கொண்டுவரக் கூடாது என்று அரசாங்கம் தடைசெய்த சாமான்கள். ஒரு நாடா வயர் அறுந்தால் அறுந்ததுதான். கொழும்பில் இருந்த மச்சாளுக்கு, என் அண்ணையின் மனைவிக்கு, எழுதிக் கேட்கலாம் என்று நினைத்தேன். ஆனால் கடிதத்தை வழியில் யாராவது பிரித்துப் பார்த்தால்? அதனால் வயர் என்ற சொல்லே வராமல், ‘சாம்பல் நிற ரிப்பன், முப்பத்துநாலு இழை, மூன்று அடி, அவசரம்’ என்று எழுதி, அந்தப் பக்கம் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். இடம் வலம் தெரியாத மச்சாளுக்கு எல்லாம் விளங்கிவிடும் என்று எப்படி நம்பினேனோ தெரியாது.

இரண்டு மாதம் கழித்து, கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து வந்த ஒரு அம்மா பொட்டலத்தைக் கொண்டுவந்து தந்தார். குலசிங்கம் அண்ணை பக்கத்திலேயே நின்றார். பிரித்தால் உள்ளே பளபளவென்று சாம்பல் நிறப் பட்டு ரிப்பன். தலையில் கட்டுகிற ரிப்பன். மடித்த கடதாசியில் மச்சாளின் கையெழுத்து: “இழை எண்ணித் தரமாட்டம் எண்டு கடையிலை சிரிச்சுப்போட்டாங்கள், அகலமாப் பாத்து வாங்கினன், உனக்கு இந்த வயதிலை ரிப்பன் என்னத்துக்கு எண்டு உன்ரை அண்ணைக்கு நான் சொல்லேல்லை, ஆள் ஆர் எண்டு எனக்கு மட்டும் எழுது.”

பாதிப் பேர்

தவராசா வடகரை மீன்பிடி ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். இடம்பெயர்ந்து மனைவி பிள்ளைகளோடு ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்ததால் நிவாரணம் கொடுக்கிற ஒரு நிறுவனம் அவரைக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தியிருந்தது. நாலு முகாமில் உள்ள குடும்பங்களின் பேரையும் அவர்தான் அடித்தார். சனிக்கிழமை அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் மாவும் சீனியும் பருப்பும் கொடுப்பார்கள். கையால் எழுதின படிவங்கள் மழையில் நனைந்து மை கரைந்துபோயின. வியாழக்கிழமை பட்டியலைத் திறந்தால் பாதிப் பேரைக் காணவில்லை. காணாமற்போனவர்களுக்குப் பதிலாக அந்தப் பழைய வரி. கொம்பியூட்டரை உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றிக்கொண்டு வந்தார்.

நான் வயரின் நுனியைத் தேய்த்தேன், பென்சிலால் தட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை. வயரில் வெளியே ஒரு கீறலும் இல்லை. “டிஸ்க் முடிஞ்சுது” என்றார் குலசிங்கம் அண்ணை. எனக்கும் அப்படித்தான் பட்டது. டிஸ்கை முழுதாக அழித்துப் புதிதாக்கினால் கொம்பியூட்டராவது மிஞ்சும் என்று தவராசாவிடம் சொன்னேன், ஏதோ எல்லாம் தெரிந்தவள்போல. அழிக்கிற கட்டளையையும் அடித்தேன். எல்லாம் அழிந்துபோகும், சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதம் என்கிற எழுத்தின் மேல் என் விரல் இருந்தது.

“நில்லுங்கோ ரீச்சர்” என்றார் தவராசா. “வாசிக்கிற பேரையாவது முதல் அச்சடிச்சுத் தாங்கோ. பாதிச் சனமாவது சாப்பிடட்டும்.”

அச்சடித்தோம். வாசிக்க முடியாத இடத்துக்கு வெறும் வரிகளாக விட்டுவிட்டு அடிக்கும்படி செய்தேன். தாள் நீளமாக நிலத்தில் இறங்கி விழுந்தது. நான் குனிந்து பார்த்தேன். நூற்றுச்சொச்சம் பேர் ஒழுங்காக இருந்தார்கள். பிறகு வெறுமை. பிறகு நூற்றுச்சொச்சம் பேர். பிறகு அதே அளவு வெறுமை. குழப்பமாக இருந்தது. சாகிற டிஸ்க் இவ்வளவு ஒழுங்காகவா சாகும்? புத்தகத்தை எடுத்து முதலில் இருந்து வாசித்தேன். டிஸ்குக்குள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டு. கொஞ்சத்தை ஒரு தட்டில் எழுதிவிட்டு, கொஞ்சத்தை மற்றதில் எழுதும். எந்தத் தட்டு என்று சொல்வதற்கு ஒரு வயர், நாடாவில் பதினெட்டாவது. அது பேசாவிட்டால் டிஸ்க் முதல் தட்டையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டாவது தட்டு அதுபாட்டுக்கு, ஒரு குறையும் இல்லாமல், பக்கத்திலேயே இருக்கும். நான் செத்துவிட்டது என்று நினைத்தது அந்தத் தட்டைத்தான்.

வயரை அளக்கிற மீற்றரின் பற்றரி செத்திருந்தது. வெயிலில் கல்லின் மேல் வைத்துச் சூடாக்கி எடுத்தோம். ஓரத்துச் சிவப்புக் கோட்டில் இருந்து எண்ணிப் பதினெட்டாவது வயரை அளந்தேன். முள் அசையவில்லை. மடிப்புக்குள்ளே, தோலுக்கு உள்ளே அறுந்திருந்தது. குலசிங்கம் அண்ணை வீட்டு மணிக்குப் போடுகிற வயரில் ஒரு துண்டை வெட்டி, இரண்டு பக்கமும் ஈயம் வைத்து ஒட்டினார். மறுபடி பட்டியல் ஓடியது, இந்தத் தரம் வெறுமை இல்லாமல். தவராசா நிலத்தில் குந்தி, தாளை இழுத்து இழுத்து விரலால் தேடிக்கொண்டு போனார். காணாமற்போயிருந்த இடம் ஒன்றில் விரல் நின்றது. மனைவியின் பேர், மூன்று பிள்ளைகளின் பேர், எல்லாம் வாயசைத்து வாசித்தார். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். “ஓம், நாங்களும் இருக்கிறம்.”

டொக்டரின் டிஸ்க்

இதற்குப் பிறகு நான் எந்த டிஸ்கையும் செத்துவிட்டது என்று சொல்வதை விட்டேன். அப்போது வந்தவர்தான் உடுப்பிட்டி மாட்டு வைத்தியர் சிவஞானம். மாடு ஆடுகளுக்கு வருகிற நோய்களைப் பற்றித் தோட்டக்காரருக்கு விளங்குகிற தமிழில் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். நாலு வருஷ வேலை. பிளொப்பி கிடைக்காத காலம் என்பதால் எல்லாம் அந்த ஒரு டிஸ்கில். கொம்பியூட்டரைப் போட்டதும் கிர்ர் என்று உராய்ந்து டக் என்று நின்றது. மறுபடி கிர்ர், டக். குலசிங்கம் அண்ணை காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “சத்தத்தைக் கேள் பிள்ளை” என்றார். நான் கேட்கவில்லை. “வயராத்தான் இருக்கும் டொக்டர். அடுத்த செவ்வாய் வாங்கோ” என்றேன்.

அடுத்த செவ்வாய் வந்தார். முப்பத்துநாலு வயரையும் அளந்திருந்தேன், எல்லாம் சரி. அதே டிஸ்குக்குப் பக்கத்தால் போகிற இன்னொரு சின்ன நாடாவின் இருபது வயரையும் அளக்கவேண்டும் என்றேன். அதற்கடுத்த செவ்வாய் வேறு பெட்டியின் வயரைப் பூட்டிப் பார்க்கவேண்டும் என்றேன். ஒவ்வொரு தரமும் வல்லை வெளியின் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து வருவார். ஒவ்வொரு தரமும் நான் நம்பிக்கை கொடுத்து அனுப்புவேன். நம்பிக்கை கொடுப்பது எனக்கும் நன்றாக இருந்தது. ஐந்தாவது செவ்வாய்க்கு முதல் நாள் குலசிங்கம் அண்ணை டிஸ்கின் மூடியைக் கழற்றி என் முன்னால் வைத்தார். மினுங்குகிற தட்டின் மேல் வட்டமாக ஒரு ஆழமான கீறல், பக்கத்தில் கறுத்த தூள்.

டொக்டர் வந்ததும் அதைக் காட்டினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் தட்டைக் கையில் எடுக்கவில்லை. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். “மாடு செத்துப்போச்செண்டா நான் அண்டைக்கே சொல்லிப்போடுவன் பிள்ளை. அப்பதான் வீட்டுக்காரன் அழுது முடிச்சுப்போட்டு அடுத்த கண்டுக்குட்டியை வளக்கத் தொடங்குவான்.”

ஒன்றும் விளங்காமல் முழித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் யாருக்கும் அவ்வளவு கெடுதல் செய்யவில்லை. எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்த பிறகுதான் கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கவேண்டும்.